கடைசி வரிசையே, பேசு!

நூலக வாசகர் வட்டக் கூட்டங்களில் கடைசி வரிசைதான் முதலில் நிறைகிறது. நாவலை இரண்டு தரம் படித்துவிட்டு வந்தவர்களும் அங்கேயே போய் ஒண்டிக்கொள்கிறார்கள். "வேற யாராவது பேசுறீங்களா?" என்று கேட்டதும் பின்னால் தலைகள் குனிகின்றன. நிமிர்! உன்னைத்தான் சொல்கிறேன்.

என்ன பயம் உனக்கு? அறிவியல் புனைகதையைப் பற்றிப் பேசப் பட்டம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும் என்று யார் சொன்னது? சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையே எடுத்துக்கொள். 1980களில் ஆனந்த விகடனில் வந்த தொடர்கதை. எழுதியவர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர்தான்; எழுதியது பொறியாளர்களுக்காக அல்ல, வாரப் பத்திரிகையை யார் முதலில் படிப்பது என்று வீட்டில் சண்டை போட்டவர்களுக்காக. கதை நடப்பதோ நாம் வாழும் இந்த 2020களில். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறவும் அரசு அனுமதி வேண்டும். அந்த ஆட்சியை எதிர்க்கும் சதிக்குள் இழுக்கப்படும் நிலா விஞ்ஞானியா? இல்லை, புருஷன் காணாமல்போன சாதாரணக் குடும்பப் பெண். துணைக்கு ஜீனோ, புத்தகமாகப் படித்துத் தள்ளும் இயந்திர நாய். ஒவ்வொன்றையும் சந்தேகப்படத் தொடங்கிய பிறகுதான் நிலா வளர்கிறாள். (நாமெல்லாம் ஜீனோவைக் கொஞ்சிவிட்டு அவளை மறந்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.)

இப்போது உன் ஊருக்கு வா. இயந்திரம் வந்தால் மனிதன் என்ன ஆவான்? 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்த தன் நாடகத்தில் காரெல் சாபெக் 1920இலேயே இதைத்தான் கேட்டார். பூட்டுக்குப் பேர்போன நம் திண்டுக்கல் அதை வாழ்ந்தே பார்த்த ஊர். பூட்டை உவமையாக்கும் மேடைப் பேச்சு போதும். நிஜப் பூட்டைப் பேசுவோம். அரம் பிடித்து, லீவர் லீவராக ராவி, கையாலேயே பூட்டுச் செய்த பட்டறைகள் இங்கே வரிசையாக இருந்தன. அலிகாரின் இயந்திரப் பூட்டு மலிவாக வந்து இறங்கியது. பட்டறைகள் அருகின. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அரம் பிடிக்க இளையவர்கள்தான் இல்லை. உன் தாத்தா அந்தப் பட்டறைக்காரர் என்றால், சாபெக்கைப் படித்துக் கரைத்துக் குடித்தவரைவிட உன்னிடம் சரக்கு அதிகம்!

நூற்பாலையில் நைட் ஷிப்ட் பார்க்கும் தங்கையே, நீயும் கேள். அறுந்த நூலைப் பிணைத்தபடி ரிங் ஃபிரேம் முன்னால் விடிய விடிய நடக்கிறாய். ஒரு காலத்தில் கைகள் முடிச்சுப் போட்டு இணைத்த நூலை ஆட்டோகோனர் இயந்திரம் தானே இணைப்பதைக் கண்ணெதிரே பார்க்கிறாய். இயந்திரத்தைப் பற்றி முன்வரிசைக்காரர் படித்திருக்கிறார். நீ அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாய். பிறகு எதற்கு உனக்குக் கூச்சம்?

நூலகம் யாரோ போட்ட பிச்சை என்று நினைக்காதே. 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரிதான் அந்த அலமாரிகளைத் தாங்குகிறது. வாடகை வீடா? பரவாயில்லை, அந்த வரி உன் வாடகைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. நாற்காலி உன்னுடையது, மைக்கும் உன்னுடையது.

வயது பற்றாது என்று சாக்குச் சொல்லாதே. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய வத்தலக்குண்டு ராஜம் ஐயர் 26 வயதுக்குள் வாழ்ந்தே முடித்துவிட்டார்.

நாக்குத் தடுமாறும். தடுமாறட்டும். யாராவது சிரிப்பார்கள். சிரித்தவர் நாவலைப் படித்தாரா என்று திருப்பிக் கேள்! மேற்கோள் தேடாதே, ஆசிரியர் பெயர்களை அடுக்காதே. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று நூலகரிடம் கேட்டுக்கொள். முதல் ஆளாய் எழுந்து, உன் பேச்சிலேயே ஆரம்பி: "ஐயா, இந்த ஜீனோ எங்க மில்லுக்கு வந்தா, எங்க ஷிப்டுல எத்தனை பேருய்யா மிஞ்சுவோம்?"