‘மட்டும்’

1977 நவம்பர் 3-ம் தேதி அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அந்த ஆணையின் வேலை மிகச் சிறியது. அமெரிக்கப் படைவீரர்களின் நடத்தை நெறியில், ஐந்தாம் விதியில், இருபத்திரண்டு ஆண்டுகளாக இருந்துவந்த ‘மட்டும்’ என்ற சொல்லை அது எடுத்துவிட்டது. அதை எடுக்க வைத்தவர்கள் ஹனோய் சிறைகளிலிருந்து உயிரோடு திரும்பிய மனிதர்கள். ஒரு சொல்லை நீக்க அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

எதிரியிடம் பிடிபட்ட வீரன் சொல்ல வேண்டியவை நான்கு: பெயர், பதவி, பணி எண், பிறந்த தேதி. 1949-ம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, 17-ம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது. அதற்கு மேல் ஒரு தகவலைக் கறப்பதற்காகக் கைதியின் உடலையோ மனத்தையோ வதைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தமிழ் வாசகர்கள் இதைத் திரையில் பார்த்தவர்கள்தான். 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானிடம் பிடிபட்ட விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான், கையில் தேநீர்க் கோப்பையோடு பேசிய காணொளி வீடு வீடாக ஓடியது. எந்த விமானம், என்ன பணி என்று கேட்டபோது, அதைச் சொல்லக் கூடாது என்று மரியாதையாக மறுத்தார். கேட்டவரும் அடுத்த கேள்விக்குப் போனார். போகாமல், கயிற்றை எடுத்துக்கொண்டு வந்திருந்தால்?

அமெரிக்க நெறி கொரியப் போரின் கசப்பில் பிறந்தது. போர் முடிந்து கைதிகள் கைமாறியபோது 21 அமெரிக்க வீரர்கள் ஊர் திரும்ப மாட்டோம் என்று சீனாவுக்குப் போனார்கள். (முடிவெடுக்க அவர்களுக்குத் தரப்பட்ட மாதங்களில் பன்முன்ஜோம் அருகே அவர்களைக் காவல் காத்தது இந்திய ராணுவம், நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மய்யா.) கர்னல் ஃபிராங்க் ஷ்வேபிள் என்ற விமானி, அமெரிக்கா கிருமிப் போர் நடத்தியது என்று சீனர்கள் கேட்டபடி எழுதிக் கொடுத்திருந்தார். 1954-ல் கூடிய விசாரணை நீதிமன்றம் அவரைத் தண்டிக்கவில்லை. ஆனால் இனி அவரால் படைக்குப் பெரிய பயன் இல்லை என்ற பொருள்பட எழுதிவைத்தது. தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை. இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் 1955 ஆகஸ்ட் 17 அன்று ஐசனோவர் ஆறு விதிகள் கொண்ட நெறியை வெளியிட்டார்.

ஐந்தாம் விதி அதிலே சுவாரசியமானது. முதல் வாக்கியம் நான்கு விவரங்களை ‘மட்டும்’ தரக் கடமைப்பட்டவன் என்றது. அடுத்த வாக்கியமோ, மற்றக் கேள்விகளை ‘இயன்ற வரை’ தட்டிக் கழிப்பேன் என்றது. ஒரே விதிக்குள் இரண்டு மனிதர்கள். ஒருவன் சாகும்வரை வாய் திறவாதவன். இன்னொருவனுக்கு ‘இயன்ற’ அளவு என்று ஒன்று இருக்கிறது. வேத வாக்கியத்துக்கு உரை எழுதுகிறவர்கள் எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுப்பது என்று சண்டையிடுவார்களே, அதே சண்டையைப் பிற்பாடு கைதிகள் சிறைச் சுவரின் இரு பக்கமும் இருந்து போட்டார்கள். உரை தப்பினால் இங்கே ஒரு மனிதன் தன்னையே துரோகி என்று முடிவு கட்டிவிடுவான்.

பிறகு வியட்நாம் போர் வந்தது. 1965 செப்டம்பர் 9 அன்று ஒரிஸ்கனி என்ற அமெரிக்கக் கப்பலிலிருந்து புறப்பட்ட ஜேம்ஸ் ஸ்டாக்டேலின் ஏ-4 விமானம் வட வியட்நாமில் சுடப்பட்டது. அவர் வழக்கமான போர்விமானி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, பிலிப் ரைன்லாண்டர் என்ற தத்துவப் பேராசிரியர் அவர் கையில் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்திருந்தார். எபிக்டீட்டஸின் ‘கையேடு’. ரோமாபுரியில் அடிமையாக இருந்த, கால் ஊனமுற்ற ஒருவர் சொன்னதை மாணவர் ஆரியன் குறித்துவைத்தது. அதன் தொடக்கமே ஒரு பாகப்பிரிவினை: எண்ணம், விருப்பம், வெறுப்பு உன் வசம், உடல், சொத்து, பதவி, பேர் புகழ் உன் வசத்தில் இல்லை. பாராசூட்டில் இறங்கும்போதே, தொழில்நுட்ப உலகத்தை விட்டு எபிக்டீட்டஸின் உலகத்துக்குள் நுழைகிறோம் என்று நினைத்துக்கொண்டதாக ஸ்டாக்டேல் பின்னர் எழுதினார். கீழே காத்திருந்த கூட்டத்தில் அவர் கால் நொறுங்கியது. குருவைப் போலவே சீடரும் நொண்டியானார்.

அவர் போய்ச் சேர்ந்த ஹோவா லோ சிறை, வியட்நாமிய விடுதலைப் போராளிகளை அடைத்துவைக்கப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. அங்கிருந்த கால்விலங்குகளில் முதலில் கிடந்தவை வியட்நாமியக் கால்கள் என்பதை அமெரிக்க நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போது மறந்துவிடக் கூடாது. வானிலிருந்து குண்டு போட்டவர்களைப் போர்க் கைதிகளாக அல்ல, போர்க் குற்றவாளிகளாகவே ஹனோய் பார்த்தது.

அங்கே வதைக்கக் கையாண்ட கயிற்று முறை எளிமையானது. கைகளைப் பின்னால் சேர்த்து, ரத்த ஓட்டம் நிற்கும்வரை இறுக்கி, தலையைப் பாதம் நோக்கி அழுத்துவார்கள். ஏழரை ஆண்டுச் சிறையில் ஸ்டாக்டேல் இப்படிப் பதினைந்து முறை வதைக்கப்பட்டார். நான்கு ஆண்டுகள் தனிக் கொட்டடியில் கிடந்தார். கயிற்றில் தெரியவந்த உண்மை, எபிக்டீட்டஸின் பாகப்பிரிவினை அவ்வளவு சுத்தமானதல்ல என்பது. ‘என் வசம்’ என்று அடிமை ஞானி எழுதிவைத்த மன உறுதிக்கும் நரம்புகள் உண்டு. எல்லோரும் உடைந்தார்கள். ஏதோ ஒன்றைச் சொன்னார்கள், ஏதோ ஒன்றில் கையெழுத்திட்டார்கள். முன்கூட்டியே விடுதலை தருகிறோம் என்றபோது, தனக்கு முன் பிடிபட்டவர்கள் போகட்டும் என்று மறுத்த விமானி ஜான் மெக்கெய்னும் 1968-ல் சில நாள் அடிக்குப் பின் குற்ற ஒப்புதலில் கையெழுத்திட்டார். மறுத்தவரும் கையெழுத்திட்டவரும் ஒரே ஆள், ஒரே ஆண்டில்.

உடைந்தவன் கொட்டடிக்குத் திரும்பிய பிறகு நடப்பதுதான் இங்கே முக்கியம். கைதிகள் சுவரைத் தட்டிப் பேசிக்கொண்டார்கள். ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் நிரப்பி, முதல் தட்டல்கள் வரிசையையும் அடுத்தவை இடத்தையும் குறிக்கும். கட்டத்தில் இடம் போதாமல் ‘கே’ வெளியே போய், ‘சி’ அதன் வேலையையும் பார்த்தது. கயிற்றிலிருந்து திரும்பியவன் தட்டலுக்குப் பதில் தரமாட்டான். தனக்கு அந்தத் தகுதி போய்விட்டது என்று எண்ணிக் கிடப்பான். நான்கு விவரங்கள் ‘மட்டும்’ தருவதாக உறுதி எடுத்தவன் ஐந்தாவதைக் கொடுத்துவிட்டான். அடுத்த கொட்டடிக்காரர் விடாமல் தட்டுவார்: நாங்களும் அப்படித்தான், எழுந்திரு. ஒரு மனிதனை வீழ்த்துவது வலியைவிட வெட்கமே என்று ஸ்டாக்டேல் புரிந்துகொண்டது இந்த மௌனங்களிலிருந்து. மூத்த அதிகாரி என்ற முறையில் அவர் சுவர் வழியே அனுப்பிய கட்டளைகள் ஒரு மனித உடலால் நிறைவேற்றக் கூடியவையாக இருந்தன: பொது இடத்தில் வணங்காதே, வானொலியில் பேசாதே, குற்றம் செய்ததாக ஒப்புக்கொள்ளாதே, விடைபெறும்போது நன்றி சொல்லாதே, தன்னைவிடக் கூட்டத்தைப் பெரிதாக நினை. இவற்றுக்கும் வலி தாங்காமல் இணங்க நேரிட்டால் இணங்கு. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர்கள் முதலிலிருந்து தொடங்கும்படி செய்.

ராணுவத்துக்குப் புதிதாகத் தெரிந்த இந்தச் சிக்கலை மதங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தன. இஸ்லாமிய மரபில் அம்மார் இப்னு யாசிரின் கதை உண்டு. மக்காவில் அவருடைய பெற்றோர் வதையில் உயிர்விட்டார்கள். அம்மார் தாங்காமல் நபிகள் நாயகத்துக்கு எதிராக எதிரிகள் கேட்டதைச் சொல்லித் தப்பித்து, அழுதுகொண்டே நபிகளிடம் வந்தார். உன் உள்ளம் எப்படி இருந்தது என்று நபிகள் கேட்டார். நம்பிக்கையில் உறுதியாக இருந்தது என்றார் அம்மார். அவர்கள் மீண்டும் அப்படிச் செய்தால் நீயும் அப்படியே செய் என்பது கிடைத்த பதில். நிர்பந்திக்கப்பட்டும் உள்ளம் உறுதியாய் இருப்பவருக்கு விலக்கு அளிக்கும் திருக்குர்ஆன் வசனத்தை (16:106) இந்த நிகழ்ச்சியோடு சேர்த்தே விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள்.

கிறிஸ்தவம் இந்த இடத்துக்கு இவ்வளவு இலகுவாக வரவில்லை. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டீசியஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றான். எகிப்தில் பாப்பிரஸ் தாளில் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் பலியிட்டவர்களை, பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களைத் திருச்சபையில் திரும்பச் சேர்ப்பதா? ரோமில் நொவேஷியன் கூடாது என்று பிரிந்தே போனார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன், அழைக்கும் முன்பே பலிபீடத்துக்கு ஓடியவனையும், வதையில் நெடுநேரம் போராடித் தோற்றவனையும் ஒரே தராசில் வைக்க மறுத்தார். இத்தனைக்கும் சிப்ரியன் அப்போது தலைமறைவாக இருந்தவர். கோழை என்ற பேச்சையும் கேட்டார். 258-ல் அடுத்த துன்புறுத்தலின்போது ஓடாமல் நின்று தலையைக் கொடுத்தார். ஓடி ஒளிவதும் ஓர் ஒழுக்கம்தான் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

ஆக, கைதி எதைச் சொன்னான் என்பதோடு, எந்த நிலையில் சொன்னான், பிறகு என்ன ஆனான் என்பதையும் கேட்க வேண்டும் என்று பழைய மரபுகள் கண்டுகொண்டன. நடத்தை நெறியை மறுஆய்வு செய்ய 1976-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைத்த குழு வந்து நின்றதும் ஏறக்குறைய அங்கேதான். ‘மட்டும்’ போனது, ‘இயன்ற வரை’ நின்றது.

ஆனால் எல்லோருக்கும் பக்கத்துச் சுவர் கிடைப்பதில்லை. பெல்ஜிய எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த ழான் அமெரி, 1943-ல் ப்ரீன்டாங்க் கோட்டையில் நாஜிகளால் வதைக்கப்பட்டார். தோழர்களின் புனைபெயர்கள் மட்டுமே தெரிந்ததால் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மைப் பெயர்கள் தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று ஒளிக்காமல் எழுதினார். வதைக்கப்பட்டவனுக்கு இந்த உலகம் மறுபடி வீடாவதில்லை என்பது அவர் கண்டது. 1978-ல் தற்கொலை செய்துகொண்டார். ஸ்டாக்டேல் படித்த தத்துவத்தையும் தாண்டி, அவரைத் தூக்கி நிறுத்தியது அடுத்த கொட்டடியின் தட்டல் என்றே அமெரியைப் படித்தபின் எண்ணத் தோன்றுகிறது.

அந்த ஸ்டாக்டேலுக்கும் மன்னிப்பில் ஓர் எல்லை இருந்தது. 1973-ல் ஊர் திரும்பியதும், வதை இல்லாமலேயே ஹனோயின் பிரச்சாரத்துக்கு உதவியதாக இரண்டு மூத்த அதிகாரிகள் மீது கலகக் குற்றம் சாட்டினார். போர் தவறு என்று நம்பியே பேசினோம் என்பது அவர்கள் தரப்பு. வழக்கு நீதிமன்றம் போகவில்லை; கண்டனக் கடிதத்தோடு முடிந்தது. அதே ஆண்டு வேறொரு விமானப்படை அதிகாரி, கீழ்நிலை வீரர்கள் எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டினார். அவர்களில் ஒருவர் ஜூன் மாதம் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். ஜூலையில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

இதில் பெரிய முரண் ஒன்று ஸ்டாக்டேலின் மண்டைக்குள்ளேயே இருந்தது. 1964 ஆகஸ்ட் 4 இரவு, டாங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை வட வியட்நாமியப் படகுகள் தாக்கியதாகச் சொல்லப்பட்டபோது, மேலே பறந்துகொண்டிருந்த விமானி அவர். கடல் கறுப்பாக இருந்தது. படகு ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. மூன்றே நாளில் அந்தத் தாக்குதலைக் காட்டி அமெரிக்க நாடாளுமன்றம் போருக்கு வழிவிட்டது. கயிற்றில் கட்டுண்டபோதெல்லாம் ஸ்டாக்டேலின் பெரும் அச்சம் இந்த ரகசியம் வாயிலிருந்து வந்துவிடுமோ என்பது. 1969-ல் கண்ணாடிச் சில்லால் மணிக்கட்டை வெட்டிக்கொண்டார். தகவல் தருவதைவிடச் சாகவும் தயார் என்று காட்டினார். அத்தனை வதைக்கும் மேலாக அவர் பூட்டிவைத்தது எதிரிக்கு உதவும் ஒரு பொய்யை அல்ல, தன் நாட்டுக்கு எதிரான ஓர் உண்மையை.

குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார் வள்ளுவர். அந்த ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையை டாங்கின் ரகசியத்தின் மேல் வைத்துப் பார்த்தால் தாங்காது. கயிற்றில் அவர் காத்த மௌனத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வதையில் பிழிந்தெடுத்தது உண்மையாகவே இருந்தாலும் சாட்சியமாகாது. வீட்டுக்கு வந்தபின் காத்த மௌனம் வேறு விஷயம். போரை எதிர்த்துப் பேசியவர்கள் மீது குற்றம் சாட்டியபோதே, அவர்கள் பேச்சுக்குச் சாதகமான ஒரு சாட்சி அவரிடம் இருந்தது.

அன்றிரவு தான் கண்டதை மனைவி சிபிலோடு சேர்ந்து எழுதிய நூலில் ஸ்டாக்டேல் விரிவாக வெளியிட்டது 1984-ல். 2005 ஜூலை 5 அன்று அவர் இறந்தார். அதே ஆண்டு இறுதியில், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் வரலாற்றாய்வாளர் ஒருவரின் ரகசிய ஆய்வை வெளியிட்டது. ஆகஸ்ட் 4 இரவு தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்பது அதன் முடிவு.