இடப்பெயர்ச்சியும் யாத்திரையும்

இராமேசுவரத்து மணலைத் துணியில் முடிந்து பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணியில் கரைப்பதும், அங்கிருந்து கங்காஜலத்தைச் செம்பில் அடைத்து எடுத்து வந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்விப்பதும் காசியாத்திரையின் நியதி. கோயில் பிராகாரங்களுக்குள்ளேயே 22 தீர்த்தங்கள் இருக்க, கீழவாசலுக்கு எதிரே கடலே அக்கினி தீர்த்தமாக விளங்க, ஒரு செம்பு நீருக்காகப் பாரததேசத்தின் நெடுக்கத்தை அளப்பது விவேகமா என்ற வினா நாத்திகனுக்கு மட்டும் உரியதன்று. சிரத்தையுள்ளவனும் கேட்டுப் பார்க்கத் தகுந்தது.

இதே வினாவை வேறொரு வேஷத்தில் கணிப்பொறி இயக்கமுறைமையின் மையமான கெர்னல் இடையறாது கேட்டுக்கொண்டிருக்கிறது. பெரிய சர்வர்களில் பிராசசர்கள் சில குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவின் அண்மையிலும் நினைவகத்தின் ஒரு பகுதி அமைந்திருக்கும்; அயல் குழுவின் நினைவகத்தைத் தொடுவதற்குக் காலதாமதம் அதிகம். நினைவகமோ பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. தொலைவில் கிடக்கும் பக்கத்தை அருகே பெயர்த்துக் கொள்வதா, வேண்டும்போதெல்லாம் அங்கேயே சென்று படிப்பதா? பெயர்க்கும் வசதி லினக்ஸ் கெர்னலில் 2006-இல் வெளிவந்த 2.6.16 பதிப்பில் இடம்பெற்றது. ஆனால் அது இலேசான காரியமன்று: பிராசசர்கள் தம்மிடம் குறித்து வைத்திருக்கும் பழைய இருப்பிடத்தை அழித்து, உள்ளடக்கத்தைப் பிரதி செய்து, புதிய இருப்பிடத்தைப் பதிந்து முடிக்கும்வரை, அந்தப் பக்கத்தைத் தேடி வரும் புரோகிராம் வாசலிலேயே நிற்க வேண்டும். அது அறிந்த முகவரி மாறுவதில்லை. உள்ளே வீடு மாறிய செய்தியே அதற்குத் தெரியாது.

ஆகவே கெர்னல் அவசரப்படுவதில்லை. சில பக்கங்களின் அனுமதியை அவ்வப்போது வேண்டுமென்றே நீக்கிவைத்து, எந்தக் குழு வந்து தொடுகிறதென்று கவனித்து, ஒரே குழு அடுத்தடுத்து இருமுறை வந்தாலன்றிப் பெரும்பாலும் பெயர்ப்பதில்லை. ஒருகணத்து இச்சையை நிலைத்த வேட்கையாகக் கொள்ளாத இந்த நிதானம், வேண்டுதலை நினைத்த மாத்திரத்தில் நேர்ந்துகொண்டு மறுமாதமே மறந்துவிடும் நம்மவர்களுக்கு வாய்த்தால் நன்று. இரு குழுக்கள் மாறி மாறி நாடும் பக்கத்தைக் கேட்டபோதெல்லாம் பெயர்த்தால் அதன் ஆயுள் வழியிலேயே கழிந்துவிடும். சாதனங்கள் நேரே எழுதுவதற்காகப் பிணித்து வைத்த பக்கமோ, யார் அழைத்தாலும் அசையாது.

இத்தராசில் வைத்தால் கங்கைச் செம்பு தேறாது. ஆனால் தராசு இரண்டுக்கும் ஒன்றல்ல என்பதே என் அபிப்பிராயம். பெயர்ந்த பக்கத்தில் ஒரு பிட்டும் மாறலாகாது; கெர்னலுக்கு வழி என்பது முழுக்க முழுக்கச் செலவு. யாத்திரிகனோ மாறுவதற்காகவே புறப்படுகிறான். அவனுக்கு வழியே பலனின் பெரும்பாகம்.

இவ்விரு கணக்குகளையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டது இராமேசுவரத்தின் ஸ்தலபுராணம். இராவணனை வதைத்த தோஷம் நீங்க இலிங்கப் பிரதிஷ்டை செய்யக் கருதிய இராமபிரான், அனுமனைக் கைலாயத்துக்கு அனுப்பினார். முகூர்த்தம் நெருங்கியும் அவன் திரும்பாமையால், பிராட்டி கரைமணலையே திரட்டிச் சமைத்த இலிங்கம் பிரதிஷ்டையாயிற்று. கெர்னலும் அவ்வாறே தீர்மானித்திருக்கும். பின்னர் வந்து சேர்ந்த அனுமன் மனம் நொந்து, மணல் இலிங்கத்தை வாலால் சுற்றி இழுத்தும் அது பெயரவில்லை. இராமபிரான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை; காலம் கடந்து வந்ததென்று கைலாய இலிங்கத்தைத் தள்ளவுமில்லை. இராமநாதருக்கு வடபால் அதை விசுவநாதராக நிறுவி, முதற்பூஜை அதற்கே என்று விதித்தார். முகூர்த்தத்துக்கு உதவாத அந்த விசுவநாதருக்கு ஆராதனை நடந்த பின்னரே இன்றளவும் இராமநாதருக்கு நடக்கிறது.