கண்ணாடி முன் கேட்க வேண்டிய கேள்வி

அய்யா துணை



தென்குமரியிலும் நெல்லைச் சீமையிலும் இருந்து பிழைப்புக்காகச் செங்கல்பட்டுப் பக்கம் குடியேறிய நம் மக்கள், பிள்ளைகளோடு மாமல்லபுரம் போய்வருவதுண்டு. அங்கே அர்ச்சுனன் தபசு எனப்படும் பாறைச் சிற்பம் இருக்கிறது. ஏறத்தாழ 96 அடி நீளம், 43 அடி உயரம். பல்லவர் காலத்து வேலை.

அதில், எலும்பு தெரிய மெலிந்த தவசி ஒருவர் ஒற்றைக்காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறார். கீழே, யானையின் அருகே, ஒரு பூனையும் அதேபோல் கைதூக்கி நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள். கங்கைக்கரையில் தவவேடம் போட்டு, நம்பி வந்த எலிகளைத் தின்ற பூனையின் கதை பாரதத்தில் உண்டு.

இருவர் நிற்கும் கோலமும் ஒன்றுதான். “நீ தவசியா?” என்று பூனையிடம் கேட்டால், தூக்கிய கையைக் காட்டும். எலியிடம் கேட்டால்தான் உண்மை தெரியும்.

நம் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. அதன்முன் நின்று “நான் நல்லவனா?” என்று கேட்டால், மனம் உடனே நெற்றியின் திருநாமத்தைக் காட்டி “ஆம்” என்றுவிடும். ஆகவே கேள்வியை நம்மை நம்பி நிற்பவர் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும்.

தலைகுனிந்து நின்றவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னவர் அய்யா. நம் கடையில் வேலை பார்க்கும் தம்பி நம் முன்னால் தலைநிமிர்ந்து பேச முடிகிறதா? முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்கியவர் அய்யா. நம் தெருவில் குப்பை அள்ள வருகிறவர் தண்ணீர் கேட்டால், எந்தச் செம்பில் கொடுக்கிறோம்? இன்று நம் தராசில் யாருக்கு எடை குறைந்தது? வீட்டுக்குள் நாம் நுழைந்ததும் பிள்ளைகளின் சிரிப்பு ஏன் நின்றது?

இவற்றுக்கு மனம் எளிதில் “ஆம்” சொல்லி நழுவ முடியாது. பதில் வலிக்கும். வலித்த இடத்திலிருந்துதான் வாழ்வு திருந்தத் தொடங்கும். ஆனால் வருந்திவிட்டு உறங்கிப்போனால் பயனில்லை. குறைந்த எடைக்கு ஈடும், தள்ளிப்போட்ட கூலியும், மனைவி மக்களிடம் ஓர் இன்சொல்லும் மறுநாளே போய்ச் சேர வேண்டும்.

வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசிருந்த 700 குடும்பத்தார் நாள்தோறும் குளித்துத் துணி துவைத்தார்கள். நேற்றுத் துவைத்தோம் என்று இன்று சும்மா இருக்கவில்லை. மன அழுக்கும் அன்றன்று சேர்வதே. அன்றன்றே துவைக்க வேண்டும்.

இன்றிரவு படுக்குமுன் ஒரே ஒரு கேள்வி போதும்: “இன்று என்னை நம்பி வந்தவர் என்ன ஆனார்?”

அய்யா உண்டு.