தொட்டில் சுமந்த தோள்கள்

கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம். நோய் முற்றி நடக்க மாட்டாமல் கிடந்த மகனைத் தொட்டிலில் இட்டு, உறவினர் சுமந்து வர, தாய் வெயிலாள் திருச்செந்தூருக்குப் புறப்பட்டார். கடலுக்குள் சென்ற மகன் மூன்றாம் நாள் வைகுண்டராய் எழுந்தருளினார். அந்த மகிமையை அன்பர்கள் திருஏடு வாசிப்பில் கேட்டு மகிழ்கிறார்கள். அதற்கு முன் அந்தத் தாய் நடந்த வழியையும் நினைக்க வேண்டும்.

இன்றும் பாம்பன், மண்டபம், இராமேஸ்வரம் கரைகளில் அந்த வழியில் நடக்கும் தாய்மார் உண்டு. வலிப்பு நோய் உள்ள மகனைப் படகில் அனுப்ப முடியாது; வலிப்பு வந்து கடலில் விழுந்தால் என்ன ஆவது? அவன் வருமானம் போயிற்று. அவனுக்குக் காவல் இருப்பதால் தாயும் பாசி எடுக்கப் போக முடியாது. அவள் கூலியும் போயிற்று. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆனால் மாத்திரைக்குத் தடைக்காலம் கிடையாது. காசில்லை என்று திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காய் வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இந்த நேரத்தில்தான் 'பேய் பிடித்திருக்கிறது' என்று ஒருவன் வருவான். தாலிக்கொடி அடகுக்குப் போகும். கோழியும் ஆடும் பலியாகும். அன்பர்களே, பேய்களை எரித்தவர் அய்யா என்று அகிலத்திரட்டு உரைக்கிறது. பலியும் காணிக்கையும் வேண்டாம் என்றவரும் அவரே. அவர் எரித்த பேய்க்கு எதற்கு மறுபடியும் கூலி? வலிப்பு மூளை நரம்பின் நோய். நோய்க்கு மருந்து உண்டு.

நோயைப் பேயென்று எண்ணும் இருள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே.

தாங்கலில் பதம் வாங்குங்கள், திருநாமம் இடுங்கள். மாத்திரையையும் நேரம் தவறாமல் கொடுங்கள். முறையாக மருந்து உண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்பது மருத்துவர் கணக்கு. அரசு மருத்துவமனையில் வலிப்பு மாத்திரை இலவசம். நாட்பட்ட நரம்பு நோய்களை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றிருக்கிறது. நோயின் அளவைப் பார்த்துத்தான் சான்று தருவார்கள்; கேட்பதில் வெட்கம் வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பணத்தைவிடப் பெரிய பாரம் ஒன்று உண்டு. 'நான் வீட்டுக்குச் சுமை' என்று நோயாளி ஒடுங்குகிறான். 'எந்தப் பாவத்தின் பலனோ' என்று தாய் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். தாயே, நோய் சாபமானால் அய்யா வந்த உடல் தொட்டிலில் கிடந்திருக்குமா? உன் மகன் தாழ்ந்தவன் அல்ல. சில நாள் நீ சலித்து அழுதாலும் அது பாவம் அல்ல. சுமக்கிறவருக்குத் தோள் வலிக்கும்.

அந்தத் தொட்டிலை வெயிலாள் ஒருத்தியே சுமக்கவில்லை. உறவுகள் தோள் கொடுத்தன. தாங்கலுக்கு வரும் அன்பர்களே, வாரத்தில் ஒரு நாள் அந்த வீட்டில் காவல் இருங்கள். தாய் வேலைக்குப் போகட்டும். தடைக்காலத்தில் அந்த அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். மருத்துவமனைக்குத் துணையாகப் போங்கள். பணிவிடைக்கு அந்தப் பிள்ளையையும் அழையுங்கள். விழுந்தவனைத் தாங்காத இடத்துக்குத் தாங்கல் என்ற பெயர் எதற்கு?

அய்யா உண்டு.