ஆடியது யார்?

2022 டிசம்பர் 26ஆம் தேதி வேங்கைவயல் சேரியின் மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கிடந்தது தெரியவந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் அதற்கு முன்பே நோயில் படுத்திருந்தார்கள். மறுநாள் விசாரிக்க வந்த புதுக்கோட்டை ஆட்சியர் கவிதா ராமுவிடம், டீக்கடையில் இரட்டை டம்ளர், கோயிலுக்குள் நுழைய முடியாது என்று சனங்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். உடனே அவர்களை இறையூர் அய்யனார் கோயிலுக்குள் ஆட்சியர் அழைத்துப்போனார். அப்போது ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் சாமி வந்து ஆடினார். ஆடியபடியே சேரி சனத்தை இழிவாகப் பேசினார். அந்தப் பெண்மீதும் டீக்கடைக்காரர்மீதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள்.

தொட்டி வழக்கு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில், 2025 ஜனவரியில், சேரியைச் சேர்ந்த மூன்று பேர்மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததில் வந்து நின்றதும், அந்தச் சனம் அதை ஏற்க மறுத்ததும் இதழின் வாசகர்களுக்குத் தெரியும். அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும். இங்கே நான் எடுத்துக்கொள்வது அந்த ஆட்டத்தை மட்டும்.

செய்தி வந்த அன்று நாங்கள் நாலைந்து தோழர்கள் உட்கார்ந்திருந்தோம். ‘என்னா நடிப்புடா சாமி’ என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், இதே ‘நடிப்பு’ என்ற சொல்லை இருபது வருசத்துக்கு முன்னால் வேறொரு பொம்பளைப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

அவள் என் சித்தி மகள். அப்போது பதினேழு வயசு. ஆலங்குடிப் பக்கம் முந்திரிக் காட்டுக்குக் கொட்டை பொறுக்கப் போய்வந்த ஒருநாள் சாயங்காலம் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் இறுக மூடியிருந்தது. அரைமணி நேரம் கழித்து எழுந்தவளுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. பிறகு வாரத்தில் மூன்று தடவை, நாலு தடவை வர ஆரம்பித்தது. வந்தால் குரல் மாறிவிடும். எந்தக் காட்டுக்காரரை ‘ஐயா’ என்று தலை குனிந்து கூப்பிடுவாளோ, அவரை வாடா போடா என்று பிளந்துகட்டுவாள். சித்தி வாயைப் பொத்துவாள்; தெருவில் யாராவது கேட்டுப் போய்ச் சொல்லிவிட்டால் மறுநாள் வேலை கிடையாதே.

கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். உடுக்கை அடித்து, சாட்டையால் விளாசி, ‘நீ யாரு, பேரச் சொல்லு’ என்று கேட்டார். அவள் ஒரு பெயரைச் சொன்னாள். கோடாங்கி அடிப்பதை நிறுத்திவிட்டு, ‘உசுரோட இருக்கவன் எப்படிடா பேயா வருவான்? செத்தவன் பேரச் சொல்லு’ என்று மறுபடியும் அடித்தார். கடைசியில், எப்போதோ தூக்குப் போட்டுச் செத்த ஒருவன் பெயரைச் சொன்னாள். முடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்து அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கு அவள் முதலில் சொன்ன பெயரைக் கூடியிருந்த அத்தனை பேரும் கேட்டோம். நானும் கேட்டேன்.

பெரியாரைப் படித்துவிட்டு வந்த சூடு எனக்கு. பேய் இல்லை, சாமி இல்லை. ஆகவே இது நடிப்பு. அடுத்த முறை இழுப்பு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஏன் இப்படி நடிக்கிறே’ என்றேன். ஒரு மருத்துவமனைக்கும் கூட்டிப்போனேன். அங்கே மூக்கில் எதையோ காட்டி எழுப்பி, ‘ஹிஸ்டீரியா, கல்யாணம் பண்ணி வைங்க சரியாப்போகும்’ என்றார்கள். இன்னொரு டாக்டர் வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வருசம் தின்றாள். ஒன்றும் நிற்கவில்லை.

இதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் டிஸோசியேட்டிவ் டிஸார்டர். ‘பிரிநிலைக் கோளாறு’ என்று இக்கட்டுரையில் வைத்துக்கொள்கிறேன். மனச்சிதைவு என்று நாம் சொல்லும் ஸ்கிசோஃப்ரீனியா வேறு, இது வேறு. ஞாபகம், உணர்ச்சி, உடம்பின் அசைவு, ‘நான்’ என்கிற நினைப்பு எல்லாம் சாதாரணமாக ஒரே கட்டாக இருக்கின்றன. தாங்கவே முடியாத ஒன்று நடக்கும்போது, ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் மாட்டிக்கொண்ட உயிர் அந்தக் கட்டை அவிழ்த்துக்கொள்கிறது. உடம்பு இங்கே கிடக்க, மனசு தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது. அந்த நேரத்துக்கு அது பாதுகாப்புதான். ஆபத்து போன பிறகும் அதுவே பழக்கமாகிவிட்டால் நோயாகிறது. சிலருக்கு நாள்கணக்கில் ஞாபகம் அற்றுப்போகும். சிலருக்குத் தன் கையே வேறு யாருடையதோ என்று தோன்றும், பார்க்கிற உலகம் சினிமாத் திரைபோலத் தெரியும். சிலர் ஊரைவிட்டே போய், எப்படி வந்தோம் என்று தெரியாமல் நிற்பார்கள். ஒரே உடம்பில் பல ஆட்கள் இருப்பதுபோல நடந்துகொள்வதும் உண்டு. நம் நாட்டு மருத்துவர்களிடம் வருவதில் இழுப்பும் பேய் பிடித்தலுமே அதிகம். மூளையில் மின்னோட்டம் தடுமாறி வரும் காக்காய் வலிப்பு இல்லை இது. அதனால் வலிப்பு மாத்திரை வேலை செய்யாது. இழுக்கும்போது கண் மூடியிருப்பது ஒரு முக்கிய அடையாளம். இதை அன்றைக்கு யாராவது ஒருவர் சித்தியிடம் சொல்லியிருக்கலாம்.

பிரான்சில் பியர் ழானே 1889லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் பார்த்த நோயாளிகளும் பெரும்பாலும் ஏழைப் பெண்களே. குழந்தைப் பருவத்தின் வன்முறையும் திரும்பத் திரும்ப நேரும் கொடுமையும் பெரும் காரணம் என்று ஒரு கட்சி சொல்கிறது. சுற்றியுள்ள சமூகம் சொல்லிக்கொடுத்த பாத்திரத்தை ஆள் தன்னையறியாமல் ஏற்கிறார் என்று இன்னொரு கட்சி. இரண்டையும் முழு எதிரிகளாகப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எங்கே அடிபட்டோம் என்பதை உடம்பு வைத்திருக்கிறது. எந்த வேஷத்தில் வெளியே வரலாம் என்பதை ஊர் வைத்திருக்கிறது.

இங்கேதான் சிக்கல். 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடும், 2022 முதல் நடப்புக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் ஒரு விலக்கு தருகின்றன. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சமயச் சடங்கின் பகுதியாக வரும் ஆட்டம் நோயாகாது. நல்ல விதிதான், இல்லையென்றால் நம் கோயில் கொடைகளில் ஆடுகிற அத்தனை பேரையும் வார்டில் போடவேண்டி வரும். ஆனால் ‘சமூகம் ஏற்றுக்கொண்ட’ என்றால் எந்தச் சமூகம்? ஊரா, சேரியா? இறையூரில் ஆடியது இந்த விதிப்படி நோயே இல்லை, அங்கீகாரம் பெற்ற சாமி. என் தங்கச்சிக்கு வந்தது நோய், ஊர் பாஷையில் பேய். அங்கீகாரத்துக்கு எல்லை போடுவது யார் என்று கையேடு கேட்காது. அம்பேத்கரைப் படித்தவர்கள் கேட்காமல் விடக்கூடாது.

அப்படியானால் இறையூர்ப் பெண் பேசியதற்கு அவர் பொறுப்பா? அவர் நடித்தார் என்று நிரூபித்தால்தான் பொறுப்பு வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தேவையே இல்லை என்று இப்போது படுகிறது. மனநலம் குன்றியவருக்குக் குற்றப்பொறுப்பு இல்லை என்ற பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22) கேட்பது, தான் செய்வது இன்னது, அது தவறு என்று அறியும் சக்தி அவருக்கு அந்த நேரத்தில் இல்லாமல் இருந்ததா என்பதைத்தான். ‘அப்போது நீ நீயாக இருந்தாயா’ என்று அது கேட்பதில்லை. பின்னால் ஞாபகம் இல்லை என்பது, அப்போது அறிவு இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. அந்த ஆட்டத்துக்கு வாசற்படி எதுவென்று தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் யார் சேரி, யார் அதிகாரி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அவர் மெய்மறந்தே ஆடியிருக்கலாம். ஆனால் மறந்துபோன மெய்யில் சாதி மட்டும் மறக்காமல் இருந்திருக்கிறது. பொறுப்பு அவரோடு முடிந்துவிடுமா என்று கேட்டால், முடியாது. அந்த வார்த்தைகளை அவருக்குப் பிறந்ததிலிருந்து ஊட்டியவர்கள் அன்றைக்கு ஆடாமல், பேசாமல் சுற்றி நின்றிருந்தார்கள். சட்டத்துக்கு அவர்களைப் பிடிக்க வழி தெரியாது.

இந்த நியாயத்தை நான் ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. பிரிந்த நிலையிலும் ஆளுக்கு அறிவு இருக்கிறது என்றால், என் தங்கச்சி சாட்டையடியின் நடுவே சொன்ன முதல் பெயரும் அறிவுதான். அந்த நிலையில் வருகிற நினைவு கலங்கியும் இருக்கும். அதைக் கொண்டே ஒருவனைச் சிறையில் தள்ளச் சொல்லவில்லை. விசாரிப்பதற்கு அது போதும். கோடாங்கி, டாக்டர், பகுத்தறிவுவாதியான நான் என்று மூன்று பேருமே அதை விசாரிக்கவில்லை.

இசபெல் நபகோவ் தென்னார்க்காட்டுப் பேயோட்டுச் சடங்குகளைப் பற்றி 1997இல் எழுதிய கட்டுரையில், பேயோட்டுதல் பெண்ணைக் கணவனிடம் திருப்பிக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடாக இருப்பதைக் காட்டுகிறார். நம் சேரியில் இன்னொன்றும் நடக்கிறது: அது பெண்ணைப் பண்ணை வேலைக்குத் திருப்பிக் கொண்டு சேர்க்கிறது. அல்ஜீரியாவில் மனநல மருத்துவராக இருந்த ஃபனான், அடிமைப்பட்ட சனத்தின் ஆவியாட்டங்கள் அவர்கள் கோபத்தை வடியவைக்கும் வடிகால் என்றார், போராட்டம் தொடங்கினால் அவை உதிர்ந்துபோகும் என்றும் கருதினார். பெரிய ஆள்தான். ஆனாலும் தங்கச்சியின் கோபம் வடியவில்லை. வாரத்துக்கு நாலு தடவை புதுசாக வந்துகொண்டிருந்தது.

சிகிச்சை என்று ஒன்று உண்டு. இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் மருந்து தருவார்கள். முதல் வேலை பாதுகாப்பு. பிறகு, இழுப்பு வருவதற்கு முன்னால் உடம்பு காட்டும் குறிகளைக் கண்டுகொள்ளவும், தரையைத் தொட்டு, கண்ணில் படுவதைப் பெயர் சொல்லி, இன்றைக்கு என்ன கிழமை என்று தன்னையே இந்த நேரத்துக்கு இழுத்துவரவும் கற்றுக்கொடுக்கிறார்கள். நடந்ததைப் பேசுவது அதற்கும் அப்புறம்தான், அவர் தயாராக இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக. நாம் உண்மை அறியும் குழு என்று போய் முதல் நாளே ‘என்னம்மா நடந்துச்சு, மொதல்லேர்ந்து சொல்லு’ என்று பத்துப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறோமே, அது இதற்கு நேர் எதிர். தேதி, நேரம் மாறிமாறி வந்தால் போலீசும் வக்கீலும் பொய் என்கிறார்கள்; ஞாபகத்தில் ஓட்டை விழுந்திருப்பது அந்த நோயின் அடையாளம் என்பது நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு முதல் வேலை என்று எழுதுவது சுலபம். யாருடைய காட்டில் நடந்ததோ அந்தக் காட்டுக்குத்தான் மறுநாளும் கூலிக்குப் போகவேண்டும் என்றால் எந்த மருத்துவர் என்ன செய்வார்? துண்டு நிலம், மாற்று வேலை, வழக்கு நடத்தத் துணை எல்லாம் சிகிச்சையின் பகுதிதான். வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவில் பாதிக்கப்பட்டவரின் மறுவாழ்வு பற்றிச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும்போது மனநல சிகிச்சையையும் சேர்த்துக் கேட்கவேண்டும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் தீயில் வெந்து செத்த பிறகும், யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று மனநலச் சட்டத்தில் எழுத 2017 வரை ஆனது.

தங்கச்சி இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறாள். ஊரைவிட்டுப் போன கொஞ்ச நாளில் இழுப்பு குறைந்து பிறகு நின்றே போனது. மனநல மருத்துவர் ஒருவரிடம் ஒரு வருசம் போய்வந்தாள். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது மன்னிப்புக் கேட்டேன். ‘நீ நடிக்கிறியான்னு கேட்டது எனக்குக் கேட்டுச்சுண்ணே. வாயத் தொறக்கத்தான் முடியல’ என்றாள். பிறகு இறையூர் விஷயத்தைச் சொன்னேன். கோயில், ஆட்சியர், ஆட்டம், கைது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

‘அந்தம்மா மேல சாமி வந்தப்ப யாரும் அடிக்கலியாண்ணே?’

‘இல்லம்மா.’

‘சாட்டையால?’

‘இல்ல.’

‘நீ யாரு, பேரச் சொல்லுன்னு?’

கேட்டதாக எந்தச் செய்தியிலும் இல்லை என்றேன். அவள் எழுந்து பிள்ளைக்குச் சோறு போடப் போனாள்.