விரல் நோவும் இனிய நுகமும்



நமது பாடற்குழுவில் கித்தார் பழக வந்த வாலிபன் ஒருவன் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டான். வீட்டுக்குப் போய் விசாரித்தேன். இடது கை விரல்களை நீட்டினான். நுனியில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. முந்தின ஞாயிறு அவன் வலிக்கிறது என்றபோது, "ஆண்டவருடைய பாடுகளை நினைத்துப் பொறுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பியவன் நானே. கையில் காயத்தோடு, தனக்குப் பக்தி போதவில்லை என்ற துயரமும் அவனுக்கு உண்டாயிற்று.

பிறகுதான் அந்த வாத்தியத்தை எடுத்துப் பார்த்தேன். துருவேறிய எஃகுத் தந்திகள், கழுத்துப் பலகைக்கு மேலே வெகு உயரத்தில் நின்றன. பழகின கைக்கே அவை அடங்கமாட்டா. பிழை என்னுடையது என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

பிரியமானவர்களே, நோவு இருவகை. ஒன்று உருவாக்கும், மற்றது புண்ணாக்கும். மெல்லிய தோல் தந்தியில் அடிக்கடி அழுந்தினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்துக் காய்ப்பேறும். அதற்குச் சில வாரங்கள் செல்லும். பூம்பாறைப் பக்கம் பூண்டுக் கொல்லையில் களைக்கொத்துப் பிடிக்கும் தாய்மாருக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை. அவர்கள் உள்ளங்கையே சாட்சி. அர்ச். சூசையப்பருடைய கரங்களும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆனால் கொப்புளம் உடைந்தபின் வாசிப்பது தவமல்ல. காயம் ஆறும்வரை ஓய்வு கொடுக்கவேண்டும். பழகுவோர் ஒரேயடியாக ஒரு மணி நேரம் வாசியாமல், பத்துப் பதினைந்து நிமிஷமாகப் பலமுறை வாசிக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டி, உலோகக் கட்டைக்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்தால் சிறிது அழுத்தமே போதும். தண்ணீரில் ஊறிய கையோடு தந்தியைத் தொடலாகாது. நம் மலைக் குளிரில் விரல் விறைத்திருந்தால் முதலில் சூடேற்றிக்கொள்ளவேண்டும். மெல்லிய தந்தியோ நைலான் தந்தியோ மாட்டுவது கோழைத்தனமல்ல. ஏறிய காய்ப்பைப் பிய்த்தெடுக்கவும் கூடாது.

கித்தார் கோவிலுக்கு ஆகுமா என்று சிலர் கேட்கிறீர்கள். 1818-ம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில், ஆஸ்திரியாவிலுள்ள ஓபர்ன்டார்ஃப் ஊர்க் கோவிலில், ஜோசப் மோர் என்ற இளங்குரு கித்தார் மீட்ட, இன்று உலகமெங்கும் பாடப்படும் அந்த அமைதி இரவுப் பாடல் முதன்முதலாக ஒலித்தது. 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், ஆர்கனுக்குத் தனிப் பெருமை தந்ததோடு, வழிபாட்டுக்குத் தகுந்த பிற வாத்தியங்களுக்கும் இடங்கொடுத்தது.

நமது ஆண்டவர் தச்சுத்தொழில் அறிந்தவர். நுகத்தடி சரியாகச் செதுக்கப்படாவிட்டால் மாட்டின் கழுத்தில் புண் விழும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆகவே, தம்முடைய நுகம் இனியது என்று அவர் சொன்னார். நுகமே இல்லையென்று சொல்லவில்லை.

பெற்றோரே, பிள்ளை படிப்பிலோ தொழிலிலோ நோகிறது என்று அழும்போது, உடனே பொறுமையைப் போதியாதீர்கள். உடனே விட்டுவிடவும் சொல்லாதீர்கள். முதலில் அவன் கையைப் பாருங்கள். அடுத்து, நீங்கள் அவன் கையில் கொடுத்த கருவியைப் பாருங்கள். நான் அதைச் செய்யத் தவறினேன்.

புதுத் தந்திகள் மாட்டியாயிற்று, உயரமும் குறைக்கப்பட்டது. காயம் ஆறியதும் வருவதாக அந்த வாலிபன் சொல்லியிருக்கிறான். அவனுக்காகவும், அவசரப்பட்டு உபதேசித்த உங்கள் குருவுக்காகவும் ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குக் குரு