எதைச் சார்ந்து நிற்கிறோம்?



நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். எங்கள் துறைக்கு வெளியே ஒரு பாடத்தை நாங்கள் விருப்பப் பாடமாக எடுக்க வேண்டும். நான் எடுத்தது ‘உளவியல் அறிமுகம்’. “கான்கிரீட் கலக்கப் போறவனுக்கு மனசைப் பத்தி எதுக்குடா பாடம்?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து படித்த பிறகு அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் பாதி விரிவுரை மண்டபத்தில் கிடைத்தது. மீதிப் பாதி நம் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பிலேயே இருந்தது.

முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி. நெடுஞ்சாலையில் ஒரு மைவி சிக்னல் போடாமல் உங்கள் காருக்கு முன்னால் நுழைகிறது. வாயில் என்ன வரும்? “இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது!” சரிதானே? அதே காரியத்தை நாமே செய்தால்? “பரீட்சைக்கு நேரமாச்சு, வேற வழியில்ல.” அடுத்தவர் செய்தால் அது அவர் குணம். நாம் செய்தால் அது நம் சூழ்நிலை.

இதற்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. 1977-இல் லீ ராஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை ‘அடிப்படைக் காரணக் கற்பிப்புப் பிழை’ என்று அழைத்தார். பெயர் நீளம், ஆனால் விஷயம் எளிது. ஒருவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று யோசிக்கும்போது, அவருடைய குணத்துக்கு அதிக எடை கொடுக்கிறோம். அவர் நின்ற இடத்துக்குக் குறைந்த எடை கொடுக்கிறோம்.

அப்படியானால் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு எடை உண்டு? அதைக் காட்டும் ஓர் ஆய்வை வகுப்பில் கேட்டேன். சமயப் பணியில் இருக்கும் நாம் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவசரம் என்ன செய்தது?

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், பாதிரியார் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் 40 பேரை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் இந்த ஆய்வைச் செய்தார்கள். 1973-இல் அது வெளிவந்தது. மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, விவிலியத்தில் வரும் ‘நல்ல சமாரியன்’ கதை. கள்வர்களிடம் அடிபட்டு வழியில் கிடந்த ஒருவனைச் சமய குருவே பார்த்தும் விலகிப் போக, வேற்று இனத்தவன் ஒருவன் நின்று உதவிய கதை அது. மீதிப் பேருக்கு அதோடு சம்பந்தமில்லாத வேறொரு தலைப்பு.

போகிற வழியில் ஒரு மனிதர் வாசலோரம் சுருண்டு கிடந்து, இருமி முனகிக்கொண்டிருந்தார். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்து வைத்த ஆள்தான் அவர். மாணவர்களுக்கு அது தெரியாது.

சிலரிடம், “இன்னும் நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். இடைத்தரமான அவசரத்தில் இருந்தவர்களில் 45 விழுக்காட்டினர். “நேரமாகிவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்” என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே. தலைப்பு எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உதவி செய்வதைப் பற்றிப் பேசப் போனவர்களில் சிலர், உதவி கேட்டுக் கிடந்தவரைத் தாண்டியே போனார்கள்.

இதை அடுத்த மதத்தாரைக் குறை சொல்ல நான் எடுத்துச் சொல்லவில்லை. அந்த மாணவர் இருந்த இடத்தில் நம்மை வைத்துப் பாருங்கள். கோயில் மண்டபத்தில் ‘மக்கள் சேவையே மகேசன் சேவை’ என்று பேச வேண்டும். எல்ஆர்டி தாமதம். செயலாளர் நான்கு தடவை போன் பண்ணிவிட்டார். படிக்கட்டில் ஒரு பாட்டி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நின்று கேட்போமா?

இரண்டாவது ஆய்வு, கூட்டத்தைப் பற்றியது. 1968-இல் பிப் லட்டானே என்பவரும் அதே டார்லியும் செய்தது. ஓர் அறையில் மாணவர்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரிலுள்ள துளை வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து போய்ச் சொன்னார்கள். புகையைக் கண்டும் காணாததுபோல் நடித்த இருவரோடு உட்கார்ந்திருந்தவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, எழுதியபடியே இருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருந்தால், “ஒண்ணும் இல்ல போலிருக்கு” என்று நம் மனமும் சொல்லிவிடுகிறது. ஆள் கூடக்கூட “யாராவது பார்த்துக்குவாங்க” என்ற நினைப்பும் கூடுகிறது.

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஒருவர் மயங்கி விழுந்தால் சுற்றி எத்தனை பேர் நிற்பார்கள்? அதில் எத்தனை கைகள் நீளும், எத்தனை கைகள் போனைத் தூக்கும்? யோசித்துப் பாருங்கள்.

சைவம் சொல்லும் சொல்

இந்தப் பாடங்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, சமய வகுப்பில் படித்த ஒரு தொடர் ஞாபகத்துக்கு வந்தது: ‘சார்ந்ததன் வண்ணமாதல்’. சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பை இப்படித்தான் சொல்கிறது. உயிர் தனித்து நிற்பதில்லை. எதைச் சார்கிறதோ அதன் தன்மையை ஏற்கிறது. ஆணவமலத்தைச் சார்ந்தால் அதன் இருளில் கிடக்கிறது. சிவத்தைச் சார்ந்தால் அதன் ஒளியில் நிற்கிறது. இதற்குப் படிகத்தை உவமை காட்டுவார்கள். பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் படிகம் சிவப்பாகத் தெரியும். பூவை எடுத்துவிட்டால் பழையபடி தெளிந்துவிடும்.

“பார்த்தீங்களா, நம்ம முன்னோர் எப்பவோ சொல்லிட்டாங்க” என்று காலரைத் தூக்கிவிட நான் வரவில்லை. உளவியல் பேசுவது நடத்தையைப் பற்றி. சித்தாந்தம் பேசுவது உயிரின் விடுதலையைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல. 40 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வைக் கொண்டு மனித குலத்தையே எடைபோடவும் முடியாது. ஆனாலும் இரண்டும் நம்மைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கின்றன: “நீ எதைச் சார்ந்து நிற்கிறாய்?”

எங்கள் துறையிலும் இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. ஓர் உத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே இரும்பு, அதே நீளம், நீளம் முழுக்கச் சமமாகப் பரவிய அதே பாரம். இரு முனைகளையும் தாங்கிகளின் மேல் சும்மா வைத்தால் நடுவில் ஓரளவு வளையும். அந்த முனைகளையே இரு பக்கமும் திரும்பாமல் இறுக்கிப் பிடித்துவிட்டால், வளைவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரும்பு மாறவில்லை. பாரம் குறையவில்லை. பிடிப்பு மாறியது, அவ்வளவுதான். உத்திரம் வளைந்தால், “இது திமிர் பிடிச்ச உத்திரம்” என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார். பாரம் எவ்வளவு, தாங்கி எப்படி என்றுதான் கேட்பார்.

மனிதர் விஷயத்தில் மட்டும் நாம் அப்படிக் கேட்பதில்லை.

எங்கள் வட்டாரச் சமய வகுப்பில் பதினாறு வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். தேவாரம் நன்றாகப் பாடுவான். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். “மீசை முளைச்சதும் கொழுப்பு வந்துடுச்சு. கேங்குல சேர்ந்திருப்பான். இந்தப் பசங்களே இப்படித்தான்” என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். வகுப்பு நடத்தும் அக்கா மட்டும் அவன் வீட்டுக்குப் போனார். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஞாயிறு காலையில் தம்பி கார் கழுவும் கடையில் வேலை செய்கிறான். “ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?” என்று அக்கா கேட்டதற்கு, “யாரும் கேக்கலையேக்கா” என்றானாம்.

வகுப்பு மாலை ஐந்து மணிக்கு மாற்றப்பட்டது. அவ்வளவுதான் செய்தது. அவன் திரும்ப வந்தான்.

இந்த நாட்டில் நம் இளைஞர்களைப் பற்றி “அவனுங்க அப்படித்தான்” என்ற பேச்சை எத்தனை இடத்தில் கேட்கிறோம்! வெளியார் சொன்னால் கோபம் வருகிறது. அதையே நம் கோயில் வாசலில் நின்று நாமே சொல்கிறோம். கோயில் தள்ளிவிட்ட பையனைச் சார்ந்துகொள்ளச் சொல்லி வேறு யாராவது கூப்பிடுவார்கள். அங்கே பெயர் சொல்லி அழைப்பார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், கையில் காசும் கொடுப்பார்கள். படிகம் பக்கத்துப் பூவின் நிறத்தைத்தானே காட்டும்?

அப்படியானால் நம் பொறுப்பு?

“எல்லாம் சூழ்நிலைன்னா, தப்பு பண்றவன் எல்லாம் தப்பிச்சிக்குவானே?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் விரிவுரையாளரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்னார்: “காரணத்தை விளக்குவது வேறு, குற்றத்தை மன்னிப்பது வேறு.” நம் சமயமும் அதையே சொல்கிறது. வினை செய்தவனுக்கே அதன் பயன். கன்மக் கொள்கையில் சாக்குக்கு இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவசரமாக ஓடியவர்களிலும் பத்தில் ஒருவர் நின்றார். புகை அறையிலும் பத்தில் ஒருவர் எழுந்தார். சூழ்நிலை பலமானதுதான், ஆனால் அது விதியல்ல. அந்தப் பத்தில் ஒருவராக எப்படி ஆவது?

பெரிய புராணத்தில் இளையான்குடி மாற நாயனாரைப் பாருங்கள். அடியார்களுக்கு அன்னம் இட்டே செல்வமெல்லாம் கரைந்தவர். ஒரு மழைக்கால நள்ளிரவு. அவரே பசியோடு இருக்கிறார். அப்போது ஓர் அடியார் கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. “இப்போ முடியாதுங்க” என்று சொல்ல அவருக்கு எத்தனை காரணங்கள்! மழை, இருட்டு, வறுமை, பசி. ஒன்றையும் அவர் சொல்லவில்லை. மனைவியார் ஒரு வழி சொல்கிறார். அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்கிறார். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காலால் வழியைத் தடவித் தடவிப் போய், முளைநெல்லை வாரி வருகிறார் நாயனார். விறகு இல்லை. கூரையின் கழிகளை அறுத்துத் தருகிறார். கறிக்குக் கீரையைக் கையாலேயே பறிக்கிறார். அமுது தயாரானதும் அடியாராக வந்த இறைவன் சோதியாய் எழுந்து காட்சி தருகிறான்.

அந்த இரவு அவரால் அது எப்படி முடிந்தது? செல்வம் இருந்த நாளெல்லாம் அதையே செய்து பழகியிருந்தார். கையும் காலும் கேட்காமலே அந்தப் பக்கம் நடந்தன. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் கடினம் என்று அர்ச்சுனன் முறையிடும்போது, பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது முடியும் என்கிறான் கண்ணன். சூழ்நிலைக்கு எதிராக நிற்க வேண்டிய பலத்தை, சூழ்நிலை வருவதற்கு முன்பே சேர்த்து வைக்க வேண்டும்.

எனவே இந்த மாதத்துக்கு நான்கு பயிற்சிகள்.

ஒன்று: ஒருவரைப் பற்றி “அவன் அப்படித்தான்” என்று சொல்ல வாய் வரும்போது, “அவனுக்கு என்ன பாரமோ?” என்று மனத்துக்குள் ஒரு தடவை கேளுங்கள். முடிந்தால் அவரிடமே போய்க் கேளுங்கள்.

இரண்டு: எங்கே போவதென்றாலும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். சிரிக்காதீர்கள்! அந்தப் பத்து நிமிடம் உங்கள் அன்புக்கு நீங்கள் விட்டுவைக்கும் இடம்.

மூன்று: கூட்டத்தில் யாராவது விழுந்தால், “யாராவது உதவுங்க” என்று பொதுவாகக் கத்தாதீர்கள். ஒருவரைக் காட்டி, “நீலச் சட்டை அண்ணே, நீங்க 999-க்குப் போன் பண்ணுங்க. அக்கா, நீங்க தண்ணி கொண்டு வாங்க” என்று சொல்லுங்கள். எல்லோருக்கும் உரிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகும். ஒருவர் கையில் கொடுத்தால் அது நடக்கும்.

நான்கு: உங்கள் சார்பைத் தேர்ந்தெடுங்கள். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் இருப்பவை 12 சூத்திரங்கள்தான். அவ்வளவு ஆழமான நூல் கடைசிச் சூத்திரத்தில் எங்கே கொண்டுவந்து விடுகிறது தெரியுமா? அடியார் கூட்டத்திலும் ஆலய வழிபாட்டிலும். ஞானம் அடைந்தவருக்கே இந்த இரண்டு தாங்கிகளும் வேண்டும் என்றால், பரீட்சை, காதல், கடன், போன் என்று நான்கு பக்கமும் இழுபடும் நமக்கு வேண்டாமா?

கூட்டம் சேர்ந்தால் மனிதர் கல்லாகலாம் என்று புகை அறை காட்டியது. கூட்டம் சேர்ந்தால் மனிதர் கனியலாம் என்று அடியார் கூட்டம் காட்டுகிறது. நம் இளைஞர் மன்றம் இதில் எந்தக் கூட்டம் என்பதை ஒவ்வொரு ஞாயிறும் நாம்தான் முடிவு செய்கிறோம். போன மாதம் வந்து இந்த மாதம் வராத முகம் எது என்று இன்று வகுப்பு முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். அந்தத் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு போன் பண்ணுங்கள். “ஏன் வரல?” என்று கேட்க வேண்டாம். “எப்படி இருக்கே?” என்று கேளுங்கள்.

எல்லாம் வல்ல சிவபெருமான் நம்மைத் தன்னைச் சார வைத்து, நம்மைச் சார்ந்தவர்களுக்கு நாம் நல்ல தாங்கியாக நிற்க அருள்புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.